மாற்றிப் போட்ட கூத்தைச் சத்தத்துக்கு நடுவில் பார்ப்பது எப்படி? முதல் தடவை களரிக்கு (கூத்து ஆடுகிற இடத்துக்கு) போகிறவர்களுக்கு

மட்டக்களப்புக்கு வேலைக்கோ படிக்கவோ வந்தவர்களும் சரி, இங்கேயே பிறந்து கூத்துப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகளும் சரி, கேட்கிற கேள்வி ஒன்றுதான். "பழைய கூத்தை இந்த முறை வேற மாதிரிப் போடுறாங்களாம், போனா விளங்குமா?" விளங்கும். ஆனால் போய்வந்த பிறகு பாதிப்பேர் சொல்வது, "சனம் போட்ட சத்தத்தில ஒண்டும் கேக்கல்ல" என்பதுதான். வெடி, விசில், மைக்கில் அறிவிப்பு, கச்சான் விற்கிறவர், அழுகிற குழந்தை, பக்கத்தில் இருந்து கதை சொல்லும் கிழவி, இத்தனையும் இருக்கும். இவை அடங்கட்டும் என்று காத்திருந்தால் விடிந்துவிடும். அந்தச் சத்தத்தையே பிடித்துக்கொண்டு கூத்தைப் பார்க்கப் பழக வேண்டும், அதற்கான வழியைத்தான் எழுதுகிறேன்.

முதலில் விசாரியுங்கள்: என்ன மாற்றியிருக்கிறார்கள்?

கூத்தை மாற்றிப் போடுவது இங்கே நேற்று வந்த பழக்கம் இல்லை. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, விடிய விடிய ஆடுவதைச் சில மணித்தியாலத்துக்குள் சுருக்கி, நாலு பக்கமும் சனம் இருக்கும் வட்டக்களரியில் இருந்து ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனார். 1962ல் கர்ணன் போர், அதற்குப் பிறகு நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்று வரிசையாக வந்தன. இராவணேசனை எழுதி இராவணனாகவும் ஆடியவர் அன்று மாணவராக இருந்த சி. மௌனகுரு. பிறகு அவரே கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது தன் மாணவர்களை வைத்து அதே நாடகத்தைத் திரும்பவும் செப்பனிட்டு மேடையேற்றினார். இராமனின் வெற்றியை விட இராவணனின் மனப்போராட்டத்தைப் பெரிதாகக் காட்டிய நாடகம் அது.

இன்னொரு வழியும் இருக்கிறது. கலாநிதி சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் "கூத்து மீளுருவாக்கம்" என்று செய்துவருவது. இவர்கள் களரியை விட்டு வெளியே போகவில்லை. கிராமத்திலேயே இருந்து, கூத்தைப் பழக்குகிற அண்ணாவியாரோடும் ஆடுகிறவர்களோடும் உட்கார்ந்து பேசி, கூத்தை எழுதி வைத்த கொப்பியில் இருக்கிற பாட்டையும் கதையையும் இன்றைக்கு ஏற்றபடி திருத்துவார்கள். பெண்ணைத் தாழ்த்துகிற வரி, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துகிற வரி, போரைக் கொண்டாடுகிற இடம், இவையெல்லாம் கேள்விக்கு வரும். சீலாமுனையில் நடந்த வேலை இதற்கு நல்ல உதாரணம்.

இந்த இரண்டும் வேறு வேறு அனுபவம். ஒன்றில் மேடையும் நேரமும் மாறியிருக்கும், மற்றதில் களரி அப்படியே இருக்கக் கதைக்குள்ளே கை வைத்திருப்பார்கள். இரண்டையும் கலந்து செய்கிறவர்களும் உண்டு. அதனால் போகும் முன் ஆடுகிற ஒருவரிடமோ ஏற்பாடு செய்கிற ஒருவரிடமோ கேளுங்கள்: எத்தனை மணித்தியாலம், வட்டக்களரியா மேடையா, பெண்கள் ஆடுகிறார்களா, முடிவு பழைய முடிவுதானா. முடிவைப் பற்றிய கேள்விக்குச் சிரித்துவிட்டு "வந்து பாருங்களன்" என்று சொன்னால், அங்கேதான் மாற்றியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்

இதைத் தவற விடாதீர்கள். களரியைச் சுற்றி இருக்கிற சனத்துக்குக் கதை தெரியும், பல பேருக்குப் பாட்டே தெரியும். பாரதக் கதை இங்கே புத்தகத்தில் மட்டும் இருக்கிற ஒன்று இல்லை, அம்பாறைப் பக்கம் பாண்டிருப்பு திரௌபதி அம்மன் கோயிலில் பாண்டவர் வனவாசம் போவதையும் தீமிதிப்பையும் வருடாவருடம் கண்ணால் பார்த்து வளர்கிற ஊர் இது. பதினேழாம் போர் என்றால் கர்ணன் விழுகிற நாள், பதினெட்டாம் போர் என்றால் துரியோதனன் விழுகிற நாள் என்று முன் வரிசைப் பொடியனுக்கும் தெரிந்திருக்கும். உங்களுக்கு மட்டும் தெரியாவிட்டால், எந்த இடத்தில் புதிதாகச் செய்திருக்கிறார்கள் என்பதே பிடிபடாது. பழையதைத் தெரியாதவருக்குப் புதியதும் தெரியாது, சும்மா உடுப்புக் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள் என்றுதான் படும்.

கதைச் சுருக்கம் போதும். அதோடு கூத்தின் இரண்டு வகையில் எது, வடமோடியா தென்மோடியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வடமோடி என்றால் பாரத, இராமாயணக் கதை, போரும் வீரமும், பாரமான உடுப்பும் கிரீடமும். தென்மோடி என்றால் காதல் கதைகள் கூட, உடுப்பு இலேசு, ஆட்டத்தில் நுணுக்கம் அதிகம். இதற்கு மேல் விபரம் போகப் போகத் தானாக வரும்.

எப்போது, எங்கே, எதைக் கொண்டு போவது

பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்து கையில் கொஞ்சம் காசும் நேரமும் இருக்கிற காலத்தில்தான் கிராமங்களில் கூத்துப் பழகத் தொடங்குவார்கள், அரங்கேற்றம் அநேகமாகக் கோயில் சடங்குக் காலத்தை ஒட்டி வரும். மாற்றிப் போடுகிற கூத்துகளைப் பார்க்க மார்ச் 27, உலக நாடக தினத்தை ஒட்டிய நாட்களில் கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் பக்கம் விசாரிப்பது நல்லது. அங்கே பார்ப்பது சுகம், ஆனால் சனம் கொஞ்சம் அடக்கமாக இருக்கும். அதே கூத்தை ஒரு கிராமத்துக் களரியில் பார்க்கக் கிடைத்தால் அதையே தெரிவு செய்யுங்கள் என்பது என் கருத்து.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போவதாக இருந்தால் திரும்பி வருவதைப் பற்றி முதலே யோசியுங்கள். 2014ல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு முன்போல வாவியைக் கடக்கிற பாதைக்காக (மிதவைக்காக) காத்திருக்கத் தேவையில்லை, ஆனால் இரவு பஸ் கிடைக்காது. நோட்டீசில் எட்டு மணி என்று போட்டிருந்தால் ஒன்பதரை, பத்துக்குத்தான் மத்தளம் கேட்கும். ஆட்டோக்காரரிடம் திரும்புகிற நேரத்தைப் பேசி வையுங்கள், அல்லது நாலைந்து பேராகப் போய் விடியும் வரை இருந்து வாருங்கள். வயலும் காடும் சேர்ந்த பக்கங்களில் யானை நடமாட்டம் இருப்பதால் நடுச்சாமத்தில் தனியாக மோட்டார் சைக்கிளில் வருவதைத் தவிருங்கள், இதைக் கட்டாயமாகச் சொல்கிறேன். ஒரு பாய், பனிக்குத் தலையில் போட ஒரு சால்வை அல்லது துவாய், நுளம்புக்கு ஏதாவது, டோர்ச், தண்ணீர். சாப்பாடு கொண்டு போகத் தேவையில்லை, பிளேன்டியும் கச்சானும் அங்கேயே இருக்கும்.

எங்கே உட்காருவது

வட்டக்களரிக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லை. ஆடுகிறவர் வட்டமாகச் சுற்றி நாலு பக்கத்துக்கும் ஆடுவார், அண்ணாவியார் மத்தளத்தோடு நடுவில் நின்று ஆட்டக்காரரைப் பார்த்துத் திரும்பித் திரும்பி அடிப்பார். அதிதிகளுக்குப் போட்ட பிளாஸ்டிக் கதிரையில் உங்களைக் கூப்பிட்டு இருத்தினால், மரியாதைக்குக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மெதுவாக எழும்பிப் பாய்க்கு வந்துவிடுங்கள். நிலத்தில், வயதான அம்மாமார் இருக்கிற கூட்டத்துக்குப் பக்கத்தில் இடம் பிடிப்பதுதான் நல்லது. ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேரே இருக்காதீர்கள், பாட்டு உடைந்து இரைச்சலாகத்தான் கேட்கும். உடுப்புக் கட்டுகிற இடத்தில் இருந்து களரிக்கு வருகிற வழி ஒன்று இருக்கும், அதை மறிக்காமல் அதற்குக் கிட்ட இருந்தால் வரவுக்கு (பாத்திரம் களரிக்குள் நுழைவதற்கு) முன் ஆட்டக்காரர் சதங்கையைச் சரிபார்ப்பதும் அண்ணாவியாரைப் பார்த்துத் தலையசைப்பதும் தெரியும்.

மேடைக் கூத்து என்றால் நடுவில், ஐந்தாறு வரிசை தள்ளி இருங்கள். அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

இனிச் சத்தம்

சத்தம் எல்லாம் ஒரே சத்தம் இல்லை. முதல் அரை மணித்தியாலம் கூத்தை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

வெடி கொளுத்தினால் யாரோ ஒருவருக்கு வரவு வரப்போகிறது, அவருடைய சொந்தக்காரர் கொளுத்துகிறார்கள் என்று அர்த்தம். மைக்கில் பெயர் வாசித்தால் அன்பளிப்பு கொடுக்கிறார்கள். மாமன் மருமகனுக்கு மாலை போடுவார், நோட்டைக் குத்துவார், அந்த இடத்தில் துரியோதனன் கொஞ்ச நேரம் நின்று மாலையை வாங்கிக்கொண்டு மறுபடியும் துரியோதனனாக ஆடத் தொடங்குவான். புதிதாக வருகிறவர்களுக்கு இது கதையைக் குழப்புகிற மாதிரித் தெரியும். ஆனால் ஆடுகிறவன் அந்த ஊர்ப் பிள்ளை, மாதக்கணக்காக இரவிரவாகப் பழகியிருக்கிறான், அவனையும் அவன் போட்ட வேடத்தையும் சனம் ஒன்றாகவே பார்க்கிறது. நீங்களும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினால் இடைஞ்சல் என்ற எண்ணம் போய்விடும்.

பிறகு கதைக்கான சத்தம். இதுதான் உங்களுக்கு வேண்டியது. பாட்டு வருவதற்கு முன்பே பக்கத்தில் ஒரு அம்மா அந்தப் பாட்டை முணுமுணுப்பார். "இருகா மனே, இனித்தான் கர்ணன் வாறான்" என்று பேரனுக்குச் சொல்வார். அவருடைய வாயைக் கவனித்துக்கொண்டே இருங்கள். முணுமுணுப்பு திடீரென்று நின்று அவர் நிமிர்ந்து பார்த்தால், பாட்டு மாறிவிட்டது. கொப்பியில் இல்லாத வரி வந்துவிட்டது. எந்த விமர்சனக் கட்டுரையும் உங்களுக்கு அந்த இடத்தை இவ்வளவு சரியாகக் காட்டித் தராது.

நான் பார்த்த ஒரு களரியில் திரௌபதியின் துகிலை உரிகிற இடம் வந்தது. பழைய ஆட்டத்தில் அவள் புலம்புவாள், கண்ணனைக் கூப்பிடுவாள். அன்று திரௌபதியாக ஆடிய பெண் புலம்பவில்லை, சபையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஒவ்வொருவரையும் கேள்வி கேட்கத் தொடங்கினாள், பிறகு களரியின் விளிம்புக்கு வந்து சனத்தையும் பார்த்துக் கேட்டாள். உடனே பெண்கள் பக்கம் இருந்து "கேளு புள்ள, நல்லாக் கேளு!" என்று சத்தம். மறுபக்கத்தில் ஒரு ஐயா எழும்பி "கொப்பியில இப்பிடி இல்லயே" என்றார். "கொப்பி எழுதினது ஆரு, ஆம்பிளதானே" என்று பதில் போனது, யார் சொன்னது என்று தெரியவில்லை, ஒரே சிரிப்பு. அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தவில்லை. ஒரு சுற்றுக் கூட அடித்து அந்தச் சத்தம் அடங்க நேரம் கொடுத்து அடுத்த தருவை, அதாவது பாட்டை, எடுத்தார். பழைய கூத்து எது, புதிய கூத்து எது, ஊர் அதைப் பற்றி என்ன நினைக்கிறது என்ற மூன்றும் அந்த இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட்டன. அமைதியான மண்டபத்தில் பார்த்திருந்தால் நான் திரௌபதியை மட்டும்தான் பார்த்திருப்பேன்.

இது நம்முடைய ஊருக்கு மட்டும் உரிய குணமும் இல்லை. 1599ல் லண்டனில் கட்டிய குளோப் அரங்கில் ஒரு பென்னி கொடுத்து மேடையைச் சுற்றி நின்று ஷேக்ஸ்பியர் நாடகம் பார்த்த சனமும் கொட்டை கொறித்துக்கொண்டு, குரல் கொடுத்துக்கொண்டுதான் பார்த்தது. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1926ல் வெளியான மதங்க சூளாமணியில் அந்த ஷேக்ஸ்பியரைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு சேர்த்து வைத்து ஆராய்ந்தார். அப்படிப்பட்ட நாடகங்கள் எல்லாம் இந்த மாதிரிச் சனத்துக்கு நடுவில்தான் வளர்ந்தன, பேசாமல் இருட்டில் உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் பிறகு வந்தது.

சத்தத்துக்குள் பாட்டைப் பிடிப்பது

கூத்து சத்தத்துக்குள் ஆடுவதற்கென்றே கட்டப்பட்டது. இது விளங்கினால் மற்றது எல்லாம் சுலபம். யார் வருகிறார் என்று கட்டியகாரன் முதலில் வந்து சொல்வான். பிறகு வரவுப் பாட்டும் அதையே சொல்லும். ஆட்டக்காரர் நீண்ட நேரம் சுற்றி ஆடித் தன்னை நாலு பக்கத்துக்கும் காட்டுவார். அவர் பாடுகிற பாட்டைப் பிற்பாட்டுக்காரர் வாங்கித் திரும்பப் பாடுவார்கள். அதனால் ஒரு வரி வெடிச் சத்தத்தில் போனால் பதற வேண்டாம், இன்னொரு தடவை வரும். பாடி முடிய வசனமாகவும் பேசுவார்கள், அதில் அதே செய்தி மறுபடியும் இருக்கும்.

மாற்றிப் போடுகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறை இருக்கிறது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நேரத்தைச் சுருக்கும்போது முதலில் வெட்டுவது இந்தத் திரும்பப் பாடுவதைத்தான். "ஒரே வரியை ஏன் ரெண்டு தரம்?" என்று நினைக்கிறார்கள். மண்டபத்துக்குள் அது சரிவரும், ஏனென்றால் அங்கே எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். அதே ஒன்றரை மணித்தியாலக் கூத்தைக் கோயில் வெளியில் கொண்டுவந்து ஆடினால் பாதி வரி காற்றோடு போய்விடும், சனமும் அலுத்துப்போய்த் தங்கள் பாட்டில் கதைக்கத் தொடங்கும், பிறகு "சனத்துக்குக் கூத்துப் பார்க்கத் தெரியல்ல" என்று பழி சனத்தின் மேல் விழும். நீங்கள் பார்க்கிற கூத்தில் இப்படி நடந்தால் உங்களுக்கு விளங்காமல் போவது உங்கள் பிழை இல்லை.

பாட்டே பிடிபடாத நேரத்தில் மத்தளத்தையும் காலையும் பாருங்கள். தாளக்கட்டு வேகமாகும்போது கோபம் அல்லது போர் வருகிறது, ஆட்டம் முடிகிற இடத்தில் தீர்மானம் என்கிற முடிவுத் தாளம் வரும், அதோடு ஆட்டக்காரர் நின்று பாடவோ பேசவோ தொடங்குவார். அரசனின் காலுக்கும் பெண் பாத்திரத்தின் காலுக்கும் வித்தியாசம் இருக்கும். புதிய ஆட்டத்தில் ஒரு பெண் பாத்திரத்துக்கு வீரனின் ஆட்டத்தைக் கொடுத்திருந்தால், ஒரு சொல்லும் கேட்காமலே மாற்றம் உங்களுக்குத் தெரிந்துவிடும். முன்பு ஆண்களே பெண் வேடம் கட்டி ஆடிய கூத்தில் இன்று பெண்கள் வந்து அரசனாகவும் ஆடுகிறார்கள், அவர்களின் காலைப் பார்க்கவே போகலாம்.

செய்யக்கூடாத சில

யாரையும் "உஷ்" என்று அடக்காதீர்கள். பக்கத்தில் கதைக்கிறவரிடம் "இப்ப வந்தது ஆரு?" என்று கேளுங்கள், சந்தோசமாகச் சொல்வார், அதோடு அவர் உங்களுக்கு விடியும் வரை ஆசிரியர். போனில் படம் எடுக்கலாம், பிளாஷ் போடாமல் எடுங்கள், ஆட்டக்காரரின் கண்ணுக்கு நேரே போன வெளிச்சம் தாளத்தைத் தவற வைக்கும். உடுப்புக் கட்டுகிற இடத்துக்குள் கேட்காமல் போகக்கூடாது. நித்திரை வந்தால் பாயில் சரிந்து கொள்ளுங்கள், அங்கே அது குறை இல்லை, முக்கியமான இடம் வரும்போது மத்தளமும் பக்கத்து ஆட்களும் எழுப்பிவிடுவார்கள். அன்பளிப்புக் கொடுக்க விரும்பினால் ஏற்பாட்டாளரிடம் கேட்டுக் கொடுங்கள், பெயர் வாசிக்க வேண்டாம் என்றால் அதையும் சொல்லுங்கள்.

சனத்துக்குள் வாக்குவாதம் வந்தால், "இதெல்லாம் கூத்தா" என்று ஒருவர் எழும்பிப் போனால், பயப்படாதீர்கள். போகிறவரில் பலர் களரிக்கு வெளியே பிளேன்டி குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். அந்தத் தேநீர்க் கடையடியில் அவர் சொல்வதையும் போய்க் கேளுங்கள். பழைய முறையில் ஊறிய ஒருவர் எதை இழந்ததாக நினைக்கிறார் என்பது புதிய ஆட்டத்தை ஆடுகிறவர்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம், உங்களுக்கும்தான். அந்த நேரம் இரண்டு பக்கத்துக்கும் தீர்ப்புச் சொல்லப் போக வேண்டாம். முதல் கூத்துப் பார்க்கிறவருக்குக் கேட்கிற வேலை போதும்.

கூத்து முடிந்து மங்களம் பாடிய பிறகு உடனே எழும்பி ஓடாதீர்கள். அண்ணாவியாரிடம் போய், எந்த இடம் பிடித்தது என்று ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள். "நல்லா இருந்தது" என்று பொதுவாகச் சொல்வதை அவர் ஆயிரம் தடவை கேட்டிருப்பார். "அந்தக் கேள்வி கேட்கிற தரு பழைய மெட்டா புது மெட்டா?" என்று கேட்டுப் பாருங்கள், நீங்கள் புதியவர் என்று தெரிந்தாலும் அவர் நின்று பாடிக் காட்டுவார்.

அடுத்த தடவைக்கு, அரங்கேற்றத்துக்கு முன்பே போகப் பாருங்கள். சட்டம் கொடுத்து (ஆளுக்குரிய பாட்டை எழுதிக் கொடுத்து), கிழமைக்கூத்து என்று கிழமைக்குக் கிழமை பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (முழுக் கூத்தையும் ஒத்திகை பார்த்து), அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம் வரும். கிழமைக்கூத்து நாட்களில் உடுப்பும் இல்லை, பெரிய சனமும் இல்லை, ஆட்டக்காரர் சாறத்தோடு நின்று ஆடுவார்கள், அண்ணாவியார் நிறுத்தி நிறுத்தித் திருத்துவார். மாற்றிய வரியைப் பற்றிச் சண்டை பிடிப்பதும் சமாதானமாவதும் அங்கேதான் நடக்கும். எந்த ஊரில், எந்தக் கிழமை என்று அந்த ஊர்க் கோயில் ஐயாவிடமோ பள்ளிக்கூட ரீச்சரிடமோ கேட்டால் தெரியும், போய் ஓரமாக இருந்து பாருங்கள்.